பழைய ஓட்டு வீட்டுல ஓதம்: சிமெண்டா, சுண்ணாம்பா, டைல்ஸா?

ஓட்டுவீட்டு டீச்சர், நீடாமங்கலம் பக்கம்

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கணும். 31 வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவ. கொடுக்கப்பட்டதை முழுசா எழுதாம கணக்கை ஆரம்பிக்க எனக்கு வராது.

வீடு நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வெண்ணாத்துலேருந்து ரெண்டு வயல் தள்ளி. எங்க வீட்டுக்காரரோட தாத்தா கட்டினது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சுத்தித் தாழ்வாரம், மேற்கே ரெண்டு உள்ளு (அறை), பின்னால அடுப்படி, கொல்லையில கேணி. சுவர் ஒன்றரைக் கல் கனம், சூளைச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. வாசப்பக்கம் சீமை ஓடு (மங்களூர் ஓடு), தாழ்வாரத்துக்கு நாட்டு ஓடு. கூடத்துக்கு மட்டும் மச்சு: தேக்கு விட்டத்து மேல செங்கல்லைக் குத்தி அடுக்கி சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ். கூடத்துத் தரை சிவப்பு. அத்தை (மாமியார், வயசு 86) தேங்கா நாரால தேய்ச்சுத் தேய்ச்சு முகம் தெரியற அளவுக்கு வச்சிருந்த தரை.

பிரச்சினை ஓதம், அதாவது சுவர்ல ஏறுற ஈரம். 2011ல ஒரு வேலை பார்த்தோம். உள்பக்கப் பூச்சு பொரிஞ்சு விழுதுன்னு மூணு அடி உயரத்துக்குக் கொத்தி, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடிச்சோம். ரெண்டு வருஷம் கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. மூணாவது வருஷம், அந்த மூணு அடிக்கு மேல இருந்த பழைய பூச்சுல உப்பு பூக்க ஆரம்பிச்சுது. இப்ப நாலு அடியைத் தொட்டாச்சு. சிமெண்டைத் தட்டினா டொப்பு டொப்புன்னு சத்தம். ஒரு இடத்துல தோசை மாதிரி பேந்து விழுந்தது, செங்கல்லோட தோலையும் பிச்சுக்கிட்டு. உள்ள இருந்த கல்லை விரலால தேய்ச்சேன், குங்குமம் மாதிரி கையோட வந்துடுச்சு. பேரன் அந்த வெள்ளைப் பொடியை நக்கிப் பார்த்துட்டு “உப்புதான் பாட்டி”ன்னான். லேப் செலவு மிச்சம்.

இன்னொண்ணும் சொல்லணும். மேற்கு உள்ளுல பையனோட உயரத்தைக் குறிச்சு வச்ச சுவர் இருக்கு. அதுக்குப் பக்கத்துலேயே நாலு வருஷமா ஓதம் ஏறுற உயரத்துக்கும் பென்சிலால கோடு போட்டு மாசம் எழுதி வச்சிருக்கேன். மழைக்குத்தான் ஏறுதுன்னு ஊரே சொல்லுது. எங்க சுவர்ல ஆடியிலேயே ஏற ஆரம்பிச்சுடுது. மேட்டூரை ஜூன் 12க்குத் திறந்து, ஆத்துல தண்ணி வந்து, வயல்ல நடவும் ஆனா கேணி மேல வரும். கேணிக்குப் பின்னாலேயே கோடும் மேல வரும். கார்த்திகையில உச்சம். மாசி, பங்குனியில ஒண்ணரை அடிக்கு இறங்கிடும்.

தெரிஞ்சவங்க சொல்லி ஒரு கான்ட்ராக்டர் வந்தார். அரை மணி நேரம் இருந்தார், அதுல இருபது நிமிஷம் செல்லுல பேசினார். அவர் சொன்ன வைத்தியம்: சுவரை நாலரை அடிக்குக் கொத்தி, வாட்டர் புரூஃப் மருந்து கலந்த சிமெண்ட் பூசி, மேல டைல்ஸ். சிவப்புத் தரைக்கு மேலேயே ரெண்டுக்கு ரெண்டு விட்ரிஃபைட் டைல்ஸ். நாட்டு ஓட்டை இறக்கிட்டு கலர் ஷீட், அடியில பி.வி.சி. சீலிங். முற்றத்துக்குப் பாலிகார்பனேட் மூடி, “உள்ள சோபா போட்டுக்கலாம் மேடம்.” மொத்தம் 11.5 லட்சம். எங்க கையில இருக்கறது 8. அதுலேயே அத்தைக்கு ஒரு வெஸ்டர்ன் பாத்ரூம் கட்டியாகணும். ராத்திரி கொல்லைக்குப் போய் போன வருஷம் வழுக்கி விழுந்தாச்சு.

பையன் பெங்களூர்ல இருந்து வீடியோவுல பார்த்துட்டு “இடிச்சுட்டுக் கட்டும்மா”ங்கறான். அத்தை கேட்டது ஒரே கேள்வி: “முத்தத்த மூடிட்டா வத்தல எங்கடி காயப்போடறது?”

சுவருக்கு என்ன பூச்சு, தரையை என்ன செய்ய, ஓடா ஷீட்டா, எதை முதல்ல ஆரம்பிக்க? ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள முடிக்கணும்.

மன்னை சிவில்

டீச்சர், இந்தப் பென்சில் கோடு மாதிரி ஒரு ரிப்போர்ட்டை எந்த வீட்டுக்காரரும் எனக்குக் கொடுத்ததில்லை. பாதி வேலையை நீங்களே முடிச்சுட்டீங்க.

உங்க வீட்டு அஸ்திவாரத்துல ஓதத் தடுப்புப் பட்டை கிடையாது, அந்தக் காலத்து வீட்டுல இருக்காது. செங்கல் விளக்குத் திரி மாதிரி நிலத்துத் தண்ணியை உறிஞ்சும். தண்ணி எங்க காத்துல உலருதோ அங்க உப்பு தங்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சு தரையிலேருந்தே தண்ணியை வெளிய விட்டுக்கிட்டு இருந்துச்சு. 2011ல மூணு அடிக்குச் சிமெண்டால வாயை அடைச்சீங்க, தண்ணி திறந்த இடம் தேடி மேல போச்சு. அதான் மூணு அடிக்கு மேல உப்பு. இப்ப நாலரை அடிக்கு டைல்ஸ் ஒட்டினா அடுத்தது ஜன்னல் உயரம்.

அதனால பூச்சை அப்புறம் பேசலாம், முதல்ல தண்ணி. வாசல்ல உங்க கல்யாணத்தப்ப எத்தனை படி, இப்ப எத்தனை? நம்ம பக்கம் ரோடு போடப் போட வீடு பள்ளமாயிட்டே வரும். சுவரை ஒட்டி வெளிய சிமெண்ட் தளம் போட்டிருந்தா உடைச்சு எடுங்க. மண்ணுல இருக்கற ஈரம் மேல வர வழியில்லாம சுவருக்குள்ளதான் வரும். சுவர்லேருந்து கொஞ்சம் தள்ளி வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, வாட்டம் கொடுத்து கொல்லைப் பக்கம் தள்ளுங்க. ஓட்டுத் தண்ணி சுவர் அடியில விழாம தகரக் காடி மாட்டி வடிச்சுவிடுங்க. முற்றத்துத் தூம்பு அடைச்சிருக்கான்னு ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பாருங்க. இதுக்கெல்லாம் மண்வெட்டிக் கூலிதான்.

செங்கல் இணைப்புல வரிசையா ஓட்டை போட்டு சிலேன் கிரீம் (தண்ணியை ஒட்டவிடாத மருந்து) ஏத்தற முறையும் இருக்கு. சுவரோட முழுக் கனத்துக்கும் பரவணும், இணைப்புச் சாந்து உதிர்ந்துபோன சுவர்ல ஒழுங்கா பரவாது. அதைக் கடைசியா வச்சுக்குங்க.

பாத்ரூம்ல கஞ்சத்தனம் வேண்டாம். அது கான்கிரீட்டா இருக்கட்டும், ஆனா பழைய சுவரோட கட்டிப்போடாதீங்க. நம்ம களிமண் சித்திரையில கை நுழையற அளவு வெடிக்கும், ஐப்பசியில ஊறி ஊதிக்கும். புது அஸ்திவாரம் ஒரு மாதிரி இறங்கும், பழசு ஒரு மாதிரி நிக்கும், சேர்த்துக் கட்டின இடம் கிழியும். தனி அஸ்திவாரம், வெடிப்பு விழற ஆழத்துக்குக் கீழ போகட்டும். நடுவுல அரை அங்குல இடைவெளி விட்டு, மேல தகரப் பட்டையால மூடிக்கலாம். கலவைத் தண்ணியை டெஸ்ட்டுக்குக் கொடுங்க. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல குளோரைடு இருக்கக் கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லுது. கான்கிரீட்டுக்கு எம் சாண்ட் (கல்லை உடைச்சு செஞ்ச மணல்), பூச்சுக்கு பி சாண்ட் (அதுலேயே நைசானது), பில்லுல பிரிச்சு எழுதச் சொல்லுங்க. எஸ்டிமேட் பழசா இருந்தா திருப்பிக் கேளுங்க, சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22லேருந்து 28 சதவீதம் 18 ஆயிடுச்சு.

சிவப்புத் தரையைத் தொடாதீங்க. அதுவும் கொஞ்சம் ஈரத்தை வெளிய விடுது. விட்ரிஃபைட் போட்டா அந்த ஈரமும் சுவரோரம்தான் வரும்.

ஒரு சந்தேகம். மேற்கு உள்ளுல மட்டும்தான் கோடு போட்டிருக்கீங்களா? மத்த சுவரெல்லாம் பங்குனியில எவ்வளவுக்கு இறங்குது? ஒவ்வொண்ணா அளந்து சொல்லுங்க.

பாபநாசத்தான்

அக்கா, ஷீட் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க. 2016ல நான் போட்டேன். ஐப்பசி மழையில போன் பேச முடியாது, டிவி கேக்காது, எதிர்ல நிக்கற பொண்டாட்டி பேசறதும் கேக்காது (அது ஒண்ணுதான் லாபம்). சித்திரையில மத்தியானம் ஃபேன் போட்டா மேல இருக்கற அனலை அள்ளி மூஞ்சியில வீசும். சீலிங்குக்கு மேல எலி குடும்பம் நடத்துது.

முற்றத்தையும் மூடினேன். நானும் சோபா போட்டேன். மூணாம் வருஷம் பாலிகார்பனேட் மஞ்சளாச்சு, மேல புறா எச்சம், கீழ வெக்கை, வீடே இட்லிப் பானை. முன்னாடி தாழ்வாரத்துல உக்காந்தா காத்து மேல இழுத்துக்கிட்டுப் போகும், இப்ப சுவரோரம் கரும்பூசணம். போன வருஷம் கழட்டிக் கோழிக்கூட்டுக்குப் போட்டுட்டேன். கோழிகளும் சந்தோஷமா இருக்கற மாதிரி தெரியல. இப்ப முற்றத்துக்கு இரும்புக் கம்பி வலை மட்டும்தான், குரங்குக்காக. அத்தை கேட்டது சரியான கேள்வி.

வேதாரண்யத்தான்

எல்லாரும் சுண்ணாம்புக்குக் கோயில் கட்டறீங்க. நான் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் அடிச்சப்ப எங்க ஓட்டு வீட்டுல ஒரு ஓடு மிச்சமில்ல. பக்கத்து வீட்டுத் தகரம் எங்க தென்னையில சுத்திக்கிட்டு நின்னுச்சு, அப்புறம் தென்னையும் நிக்கல. அன்னைக்கு ஊர் முழுக்க ஒண்டினது ஓட்டுக்குப் பதிலா தளம் போட்ட நாலு மெத்தை வீட்டுலதான். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் கிடைக்காம ஆறு மாசம் அலைஞ்சேன். கடைசியில இடிச்சுட்டு தூண் போட்டுக் கட்டிட்டேன். டீச்சர் வீட்டுலயும் ஆள் கிடைக்கலேன்னா அரைகுறையா ஒட்டுப்போட்டுக் காசைக் கரைக்கறதைவிட இடிச்சுக் கட்டறது மேல்.

ஆனா மன்னைக்காரர் தண்ணியைப் பத்திச் சொன்னதை மட்டும் நானும் சொல்றேன். எங்க போர் தண்ணி உப்பு. “கலவைக்குத்தானே, குடிக்கவா போறீங்க”ன்னார் மேஸ்திரி. இப்ப ஆறு வருஷம்கூட முழுசா ஆகல, போர்ட்டிகோ அடியில கான்கிரீட் பொரிஞ்சு துருப்பிடிச்ச கம்பி பல்லைக் காட்டுது. நல்ல தண்ணி லாரியை மிச்சம் புடிச்சதுக்குக் கிடைச்ச கூலி.

கரண்டி பிடிச்ச கை, கும்பகோணம்

டீச்சரம்மா, அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். மச்சு தட்டற வேலைக்கு அம்மா போவாங்க. காரையைப் பரப்பி, வரிசையா உக்காந்து, மரக்கட்டையால ஒரே தாளத்துல தட்டணும், நடுநடுவுல கடுக்காத் தண்ணி தெளிக்கணும். தட்டத் தட்டத் தண்ணி மேல வந்து நெய் மாதிரி மினுக்கும். 2004 சுனாமிக்கப்புறம் தரங்கம்பாடியில பழைய வீடுகளைச் சுண்ணாம்பிலேயே புதுப்பிச்சாங்களே, அங்கயும் அப்பா ஆறு மாசம் இருந்தார். நான் பாதி நாள் டைல்ஸ் ஒட்டித்தான் சம்பாதிக்கறேன், அதையும் மறைக்கல.

வேதாரண்யத்து அண்ணன் சொல்ற மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம்தான். ஆனா சிமெண்ட் பூசற கொத்தனாருக்கே இது கை வரும். அவர் அவசரத்தைத்தான் நீங்க அடக்கணும். நீங்க காபி போட உள்ள போற நேரத்துல “பிடிப்புக்கு”ன்னு ரெண்டு கரண்டி சிமெண்ட் கலந்துடுவார். பக்கத்துலேயே நாற்காலி போட்டு உக்காருங்க. பரீட்சை ஹால் மாதிரி நினைச்சுக்குங்க.

சுண்ணாம்பு கல்லா வாங்குங்க, கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைச்சா இன்னும் நல்லது. ஒரு கட்டியைத் தண்ணியில போட்டுப் பாருங்க. சீறி, வெடிச்சு, பொங்கினா புதுசு. சும்மா கரைஞ்சா ஏற்கெனவே காத்துப் பட்டுச் செத்தது, திருப்பிக் கொடுத்துடுங்க. இரும்பு டிரம்முல தண்ணியை ஊத்திட்டு அதுக்குள்ள சுண்ணாம்பைப் போடணும். சுண்ணாம்பு மேல தண்ணியை ஊத்தினா கொதிச்சு மூஞ்சிக்கு வரும். பேரனைப் பக்கத்துல விடாதீங்க, கண்ணுல பட்டா ஆபத்து. கையில தேங்காய் எண்ணெய் தடவிக்கணும். வலையில வடிகட்டி, மேல எப்பவும் தண்ணி நிக்கற மாதிரி மூடி வைங்க. குறைஞ்சது பதினஞ்சு நாள், ஒரு மாசம்னா நல்லது. கரண்டியால அள்ளினா வெண்ணெய் மாதிரி ஒட்டணும், மோர் மாதிரி வழியக் கூடாது.

ஓதச் சுவருக்கு வெறும் சுண்ணாம்பும் மணலும் போதாது, செங்கல் தூள் சேரணும். சுண்ணாம்பு ஒண்ணு, தூள் ஒண்ணு, மணல் ரெண்டு. உடைஞ்ச நாட்டு ஓட்டையே இடிச்சுச் சலிச்சுக்கலாம், சிமெண்ட் ஒட்டின செங்கல் வேண்டாம். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோட ஊறப்போட்டா நாலஞ்சு நாள்ல கள்ளு மாதிரி வாடை வரும். வடிகட்டி அந்தத் தண்ணியில கலவையைக் குழைக்கணும்.

சுவரை இப்பவே கொத்திடுங்க. ஓதக் கோட்டுக்கு மேல இன்னொரு அடி வரைக்கும் சிமெண்டையும் பழைய பூச்சையும் எடுத்துடணும். இணைப்புச் சாந்தை முக்கால் அங்குலம் சுரண்டுங்க. உப்பை வரட்டுத் தூரிகையால தள்ளி, முறத்துல அள்ளி, வீட்டுக்கு வெளிய கொட்டுங்க. யாராவது தண்ணி விட்டுக் கழுவலாம்னு சொன்னா விடாதீங்க, உப்பு கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும். அப்படியே அம்மணமா சில வாரம் காயட்டும். பூச்சு ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம், அடுத்த பூச்சுக்கு ஒரு வாரமாவது இடைவெளி. நனைச்ச சாக்கு தொங்கவிட்டு ஈரமா வச்சிருங்க. சித்திரை வெயில் நேரா பட்டா பாளம் பாளமா வெடிச்சுடும்.

பட்டியும் எமல்ஷனும் கிடையாது. சுண்ணாம்புதான் அடிக்கணும், துளி நீலம், கொஞ்சம் அரிசிக் கஞ்சி. முதுகு சாஞ்சா வெள்ளை ஒட்டும், சொல்லிட்டேன்.

உண்மையையும் சொல்லிடறேன். இந்தப் பூச்சும் உப்பைக் குடிக்கும். சில வருஷம் போனா கீழ ரெண்டு அடி திரும்பப் பூச வேண்டி வரும். அது வேட்டி மாதிரி டீச்சரம்மா, அழுக்கானா மாத்திக்கலாம். சிமெண்ட் தோலோட ஒட்டிக்கிட்டு சதையைப் பிச்சுக்கிட்டு வரும்.

ஓட்டுவீட்டு டீச்சர், நீடாமங்கலம் பக்கம்

எல்லாருக்கும் நன்றி. பங்குனி பொறந்ததும் மன்னை சார் கொடுத்த வீட்டுப்பாடத்தைச் செஞ்சேன்.

படி: நான் கல்யாணமாகி வந்தப்ப தெருவிலேருந்து திண்ணைக்கு நாலு படி, அத்தையும் அதையேதான் சொல்றாங்க. இப்ப ஒண்ணரை. அந்த அரைப் படியில நாய்கூடப் படுக்காது. வடக்குப் பக்கம் சுவரை ஒட்டி சிமெண்ட் தளம் இருக்கு. மோட்டார் பைக் நிறுத்தறதுக்காக நாங்களே போட்டது.

சுவர்: மேற்கு உள்ளு மேற்குச் சுவர் ஒண்ணரை அடி. வடக்குச் சுவர் ஒண்ணேகால். கூடத்துல ஒண்ணுமே இல்ல. மேற்கு உள்ளுக்கும் அடுப்படிக்கும் நடுச்சுவர் மூணரை அடி. பங்குனியில மூணரை! கேணி பாதாளத்துல கிடக்கு. ஆறு மணலா கிடக்கு. அந்தச் சுவர் மட்டும் எந்த ஆத்தைக் குடிக்குது?

ரெண்டடிச் சதுரத்துக்குப் பாலிதீன் வெட்டி நாலு பக்கமும் டேப் ஒட்டிப் பார்த்தேன். மேற்குச் சுவர்ல மறுநாள் லேசா மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி. நடுச்சுவர்ல முத்து முத்தாத் தண்ணி. மாடித் தொட்டி வால்வை நாலு நாள் மூடிட்டு வாளியில இறைச்சுக்கிட்டோம். ஈரத்தோட ஓரம் ஒரு விரக்கடை உள்ள வாங்குச்சு.

அப்பதான் ஞாபகம் வந்தது, 2011ல சிங்க்குக்கு சுவருக்குள்ள பைப் விட்டாங்க. பிளம்பர் கொத்தினார். முழங்கை மூட்டு நிமிஷத்துக்கு நாலஞ்சு சொட்டு விட்டுக்கிட்டு இருந்துச்சு, கோயில் தாராபாத்திரம் மாதிரி. எத்தனை வருஷமோ. அந்தச் சுவருக்கு மட்டும் கான்ட்ராக்டர் எழுதின எஸ்டிமேட் 38,000. முழங்கை மாத்தக் கூலியோட 650. இனிமே பைப் சுவருக்கு வெளியதான் ஓடும், அழகு கெட்டாக் கெடட்டும்.

எல்லா ஓதத்துக்கும் ஒரே கோடு போட்டது என் தப்பு. பசங்க அப்படிச் செஞ்சா மார்க் குறைப்பேன்.

மன்னை சிவில்

அந்தச் சுவரைக் கடைசியா பூசுங்க, பல வருஷத் தண்ணி, ஒரு கோடைக்காவது காயணும். மத்ததை நடத்துங்க. கரையான் மருந்து யாராவது கொண்டுவந்தா, சுவரோரம் அடிக்கு ஒரு ஓட்டை போட்டு ஏத்தற முறைதான் சரி. ஆனா கேணிக்குப் பக்கத்துச் சுவர்ல வேண்டாம், நீங்க குடிக்கற தண்ணி.

நாச்சியார்கோவில் தச்சு வீடு

ஓட்டைப் பத்தி யாரும் முழுசாச் சொல்லல. டீச்சர், ஓட்டை மாத்தறதுக்கு முன்னாடி அதைத் தாங்கற மரச் சட்டத்தைப் பாருங்க. ஒவ்வொரு சட்டத்தையும் சுத்தியலால தட்டுங்க. நல்ல மரம் கணீர்னு சொல்லும், கரையான் தின்னது பூசணிக்காய் மாதிரி சொல்லும். நடுவுல நல்லா இருந்தாலும் சுவருக்குள்ள புதைஞ்ச தலைதான் முதல்ல மக்கும். ஸ்க்ரூ டிரைவரால குத்துங்க, கால் அங்குலத்துக்கு மேல இறங்கினா மாத்தணும். வயசான பனைச் சட்டமா இருந்தா அவ்வளவு சீக்கிரம் போகாது, முழுசா இறக்கி விறகுக்கடைக்கு அனுப்பிடாதீங்க. கெட்டதை மட்டும் மாத்த, காரைக்குடியில பழைய வீடு பிரிச்ச மரம் கிடைக்கும். புதுப் பச்சை மரத்தைவிட அது எவ்வளவோ மேல்.

நாட்டு ஓட்டுக்குப் பிரிச்சு வேயற ஆள் இருந்தா அதுவே இருக்கட்டும். இல்லேன்னா சீமை ஓட்டுக்குப் போங்க. சதுர மீட்டருக்கு 15 ஓடு கணக்கு, உடைசலுக்குக் கொஞ்சம் கூட. ரீப்பர் (ஓடு உக்காரற மெல்லிய மரப்பட்டை) இடைவெளியை ஓட்டுக்குத் தகுந்த மாதிரி மாத்தி அடிக்கணும். புயலுக்குப் பயமா இருந்தா தாழ்வார ஓரத்துலயும் முகட்டுலயும் ஓட்டை ரீப்பரோட கம்பியால கட்டுங்க, காத்து ஓரத்துலதான் முதல்ல கை வைக்கும். மச்சு ஒழுகினா மேல சிமெண்ட் கான்கிரீட் ஏத்தாதீங்க. மேல பதிச்ச தட்டோட்டு (தட்டையான சுட்ட ஓடு) இணைப்பைச் சுரண்டி சுண்ணாம்பும் செங்கல் தூளும் வச்சு அடைச்சாலே பெரும்பாலும் நின்னுடும், தேக்கு விட்டத்துக்கும் பாரம் கூடாது.

ஓட்டுவீட்டு டீச்சர், நீடாமங்கலம் பக்கம்

சட்டம் தட்டியாச்சு. 46ல 9 பூசணிக்காய். எங்க வீட்டுக்காரர் ஒவ்வொண்ணுக்கும் சாக்பீஸால டிக், இன்ட்டு போட்டார். தாழ்வாரத்துக்குச் சீமை ஓடுன்னு முடிவு, குரங்குக்கு நாட்டு ஓடு அப்பளம் மாதிரி.

பைக் தளத்தை உடைச்சாச்சு. அடியில மண் கறுத்துப் பிசுபிசுன்னு, மூணு மாசமா மழை இல்லாத மண்ணுன்னு யாரும் நம்ப மாட்டாங்க. ஜல்லி வாய்க்கால் முடிஞ்சுது. பாத்ரூமுக்குத் தனி அஸ்திவாரம் தோண்டறாங்க, தண்ணி ரிசல்ட் வந்து குளோரைடு 210ன்னு போட்டிருக்கு. டைல்ஸ் அங்க மட்டும்தான், அதுவும் சொரசொரப்பானது. சிவப்புத் தரையை விட்டாச்சு. கலர் ஷீட்டும் சீலிங்கும் சோபாவும் போனதுல எட்டு லட்சத்துக்குள்ள அடங்கும்னு தெரியுது. பையன் இன்னும் “இடிச்சிருக்கலாம்”தான். அவன் உயரம் எழுதின சுவர்ல பென்சில் கோடு இருக்கற நாலு அங்குலப் பட்டையை மட்டும் கொத்தாம விடச் சொல்லியிருக்கேன்; கொத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

டிரம்முல சுண்ணாம்பு ஊறுது, இன்னையோட 19 நாள். கடுக்காத் தண்ணி வாடைக்குப் பக்கத்து வீட்டுல வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க. கும்பகோணத்துத் தம்பி, ஒரு சந்தேகம்: வடிகட்டினப்புறம் மேல வெள்ளையா ஒரு ஆடை கட்டுது, அதை எடுக்கணுமா, விட்டுடலாமா? நாளன்னிக்கு முதல் கலவை குழைக்கறாங்க. முற்றத்துல அத்தை வத்தல் போட்டிருக்காங்க, சாந்து குழைக்கறதைத் திண்ணைப் பக்கம் வச்சுக்கச் சொல்லி உத்தரவு.